கைமாறிய பொருளும் கைமாறாத கடமையும்

பாரத நாட்டில் வீட்டைத் தூய்மை செய்வது வழிபாட்டின் முதற்படியாகவே கருதப்பட்டு வந்துள்ளது. வட மாநிலங்களில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வீட்டின் ஒவ்வொரு மூலையும் துடைக்கப்படுகிறது. தூய இல்லத்தையே திருமகள் நாடி வருவாள் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. மகாராஷ்டிரத்தில் நவராத்திரிக்குக் கலசம் வைப்பதற்கு முன்பே வீடு முழுவதும் கழுவப்பட்டுவிடும். தமிழர்க்குப் போகித் திருநாள் இருக்கிறது. வழக்கங்கள் வேறாயினும் கருத்து ஒன்றே. தேவையற்றது வெளியேறினால்தான் தேவையானதற்கு இடம் கிடைக்கும்.

முற்காலத்தில் இவ்வாறு வெளியேறிய பொருள்கள் குறைவு. பழைய செய்தித்தாள், காலிப் புட்டி, ஓட்டை விழுந்த பித்தளைக் குடம், நைந்துபோன துணி ஆகியவையே பெரும்பாலும் வெளியே சென்றன. தில்லியிலும் கான்பூரிலும் 'கபாடிவாலா' தெருவில் குரல் கொடுத்தபடி வருவார். தராசில் நிறுத்துக் காசு கொடுத்து வாங்கிச் செல்வார். மும்பையிலும் அகமதாபாத்திலும் பழைய சேலைகளுக்கு ஈடாக எவர்சில்வர் பாத்திரம் தரும் பெண்கள் வீடு வீடாக வந்தனர். கழிக்கப்பட்ட பொருளுக்கு ஒரு விலை இருந்தது. விலை இருந்ததால் அதற்கு ஒரு போக்கிடமும் இருந்தது.

இன்றைய நகர வீடுகளிலிருந்து வெளியேறுபவை வேறு வகையின. குழிவிழுந்த மெத்தை, கால் முறிந்த சோபா, குளிர்விக்காத குளிர்பதனப் பெட்டி, பழைய தொலைக்காட்சி, கணினி, இன்வர்ட்டர் பேட்டரி, எரியாத டியூப்லைட் என்று பட்டியல் நீளுகிறது. இவற்றுள் பலவற்றைக் கபாடிவாலா வாங்குவதில்லை. ஆகவே புதியதொரு தொழில் தோன்றியிருக்கிறது. தொலைபேசியில் அழைத்தால் நான்கைந்து பேர் ஒரு சிறிய லாரியுடன் வருவர். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, எவ்வளவு சுமை என்று கேட்டுக் கூலி பேசுவர். விற்கத் தகுந்த பொருள்களின் மதிப்பைக் கூலியில் கழித்துக்கொள்வதும் உண்டு. காலையில் தொடங்கினால் மாலைக்குள் வீடு காலியாகிவிடும்.

முதுமையால் தளர்ந்தவர்களுக்கு இது பெரிய உதவி. பெற்றோர் மறைந்தபின் அவர்கள் வாழ்ந்த வீட்டை ஒழித்துக் கொடுக்க, தொலைவிலிருந்து சில நாள் விடுப்பில் வரும் பிள்ளைகளுக்கும் அவ்வாறே. அதில் ஐயமில்லை. ஆயினும் அறநோக்கில் ஒரு வினா எழுகிறது. அந்த லாரி தெருமுனையைத் திரும்பும்போது, பொருள்களோடு பொறுப்பும் சேர்ந்தே போய்விடுகிறதா?

துறத்தலும் தூக்கி எறிதலும்

தேவைக்கு மேல் பொருளைக் குவித்து வைப்பது தகாது என்பதில் சான்றோர் ஒருமனப்பட்டுள்ளனர். பதஞ்சலி முனிவர் யமங்கள் ஐந்தனுள் இறுதியாக வைத்தது அபரிக்ரகம். அதாவது தேவைக்கு மிஞ்சியதை ஏற்காதிருத்தல். 1930இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமவாசிகளுக்கு எழுதிய கடிதங்களில் காந்தியடிகள் இதனைக் கள்ளாமையோடு இணைத்து விளக்கினார். தேவையில்லாத பொருளைப் பெறுவதும் வைத்திருப்பதும் ஒருவகைத் திருட்டே என்பது அவர் கருத்து. இக்கண்கொண்டு நோக்கினால், பரணில் பத்தாண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் கம்பளிகள் தில்லியின் மார்கழிக் குளிரில் நடைபாதையில் உறங்குபவருக்கு உரியவை. வீட்டை ஒழிப்பது கடமையே. அதைக் காலம் தாழ்த்துவதுதான் பிழை.

ஆனால் ஒழிக்கும் முறையிலும் உயர்வு தாழ்வு உண்டு. பகவத்கீதையின் 18ஆம் அத்தியாயம் தியாகத்தை மூன்றாகப் பகுத்துக் காட்டுகிறது. ஆற்ற வேண்டிய கடமையை மயக்கத்தால் கைவிடுவது தாமசம். தொல்லை என்றும் உடல் வருத்தம் என்றும் அஞ்சிக் கைவிடுவது ராஜசம். கடமையை ஆற்றிக்கொண்டே அதன்மீதுள்ள பற்றையும் பயனையும் விடுவது சாத்விகம். செயலைப் பற்றிய இப்பகுப்பு, பொருளைத் துறப்பதன் மீதும் ஒளி வீசுகிறது.

எது வெளியே போகிறது என்று பாராமலே அனைத்தையும் அள்ளிக் கொடுப்பது முதல் வகை. பிரித்துப் பார்ப்பது தொல்லை, எப்படியாவது போனால் சரி என்று கொடுப்பது இரண்டாம் வகை. இவ்விரண்டிலும் வீடு காலியாகிறது; மனத்தில் பற்று குறைந்ததற்கு அறிகுறி ஏதுமில்லை. அதே இடம் சில மாதங்களில் வேறு பொருள்களால் நிரம்பிவிடுவதே அதற்குச் சான்று. மூன்றாம் வகையினர் பொருளின்மீது 'எனது' என்னும் உரிமையை விட்டுவிடுகின்றனர். அது சேர வேண்டிய இடம் சேரும் வரை அதன் பொறுப்பை விடுவதில்லை. வாங்கும்போது உரிமையும் பொறுப்பும் ஒன்றாகவே வீட்டிற்குள் வருகின்றன. வெளியேறும்போது உரிமை முன்னே செல்கிறது. பொறுப்பு இன்னும் சிறிது தூரம் உடன் நடக்க வேண்டியிருக்கிறது.

நசிகேதனின் கலக்கம்

கொடுத்தாயிற்று என்பதாலேயே அறம் நிறைவேறிவிடாது என்பதைக் கடோபநிஷதம் தன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. வாஜசிரவஸர் தமக்குரிய அனைத்தையும் வழங்க வேண்டிய வேள்வியைச் செய்கிறார். அவர் தானமாக ஓட்டிவிட்ட பசுக்களோ பால் வற்றியவை. கன்று ஈனும் பருவம் கடந்தவை. இனி நீர் அருந்தவும் புல் மேயவும் வலுவற்றவை. கணக்குப்படி தானம் முடிந்தது. பசுக்கள் கைமாறின, எண்ணிக்கையும் சரியாக இருந்தது. ஆனால் பெற்றவர் வீட்டிற்குச் சென்றது செல்வமா, சுமையா? அருகில் நின்று இதனைக் கண்ட சிறுவன் நசிகேதன் கலங்கினான். மரணத்திற்கு அப்பால் என்ன என்னும் மாபெரும் உரையாடல், பயனற்றதைப் பிறர் தலையில் கட்டிய ஒரு செயலைக் கண்டு சிறுவன் கொண்ட கலக்கத்திலிருந்து பிறக்கிறது. இது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

வாஜசிரவஸரின் பசுக்கள் இன்றும் ஓட்டிவிடப்படுகின்றன. 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபின் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தமிழகக் கடற்கரை ஊர்களுக்குப் பழந்துணிகள் மூட்டை மூட்டையாக வந்தன. கிழிந்தவையும், மீனவ மக்கள் உடுத்தாத வகையினவும் அவற்றுள் பல. உடுத்துவாரின்றி அவை சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. அனுப்பியவர்கள் தீய எண்ணம் உடையவர்கள் அல்லர். தங்கள் வீட்டு அலமாரி காலியானதையும் பிறர் துயர் தீர்ந்ததையும் ஒன்றென்று எண்ணிவிட்டனர், அவ்வளவே.

இதற்கு மாறான வழியும் இந்நாட்டிலேயே காணக் கிடைக்கிறது. 1999இல் தில்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு, நகர வீடுகள் கழிக்கும் துணியையும் பாத்திரத்தையும் பெற்று, ஒவ்வொன்றையும் பிரித்துப் பழுது பார்க்கிறது. சிற்றூர் மக்கள் தங்கள் ஊருக்கென ஒரு குளத்தைத் தூர்வாரினாலோ, பாதை அமைத்தாலோ, அவ்வுழைப்புக்குரிய வெகுமதியாக அப்பொருள்கள் அவர்களைச் சேர்கின்றன. உடுத்த இயலாத பருத்தித் துணி மாதவிடாய்க்கால அணையாடையாகிறது. 2015இல் மகசேசே விருது இப்பணியைச் சிறப்பித்தது. இங்கு முதலில் எண்ணப்படுவது பெறுபவரின் தேவையும் தன்மானமும். கொடுப்பவரின் வசதி அதற்குப் பின்னரே வருகிறது. தக்க இடம், தக்க காலம், தக்க மனிதர் ஆகிய மூன்றையும் எண்ணித் தரப்படுவதே சாத்விக தானம் எனக் கீதை 17ஆம் அத்தியாயத்தில் கூறுவதன் நடைமுறை வடிவம் இது.

அறியாதவர் ஏற்ற சுமை

தானமாகத் தராமல், கூலி கொடுத்தோ விலை பெற்றோ அனுப்பும்போது நிலைமை மாறுமா? அழைத்தவரும் வந்தவரும் மனமொப்பியே பேசி முடித்தனர். எவரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. பிறகு கடமை எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம்.

இதற்கு விடையாக 2010இல் தில்லியில் நிகழ்ந்த ஒரு துயரத்தை நினைவுகூர வேண்டும். பல்கலைக்கழகம் ஒன்றின் வேதியியல் துறையில் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் அடங்கிய ஆய்வுக் கருவி பல ஆண்டுகளாகப் பயனின்றிக் கிடந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் அது வேண்டாத பொருள்களோடு ஏலத்தில் விடப்பட்டு மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையை அடைந்தது. கருவியில் இருந்த ஈயத்திற்கு நல்ல விலை உண்டு. ஆகவே தொழிலாளர்கள் அதை உடைத்துப் பிரித்தனர். அந்த ஈயமே கதிர்வீச்சைத் தடுத்து நின்ற கவசம் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஏப்ரலில் பலர் கடும் நோயுற்றனர், ஒருவர் உயிரிழந்தார்.

இந்நிகழ்ச்சியில் எவரும் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. விலை பேசப்பட்டது, பொருள் கைமாறியது, இசைவும் இருந்தது. ஆனால் எதற்கு இசைகிறோம் என்பதை அறியாத ஒருவரின் இசைவு முழுமையான இசைவாகாது. கொடுப்பவருக்குத் தெரிந்ததும், தெரிந்துகொள்ளக் கூடியதும், எடுப்பவருக்குத் தெரியாமற்போகும் இடத்தில் கடமை பிறக்கிறது. கூலி உழைப்புக்கு ஈடாகலாம். மறைந்திருக்கும் ஆபத்துக்கு அது ஈடாகாது.

வீடுகளில் கோபால்ட் இருப்பதில்லை. எனினும் டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. பெட்டி போன்ற பழைய தொலைக்காட்சியின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. இன்வர்ட்டர் பேட்டரியில் ஈயமும் அமிலமும் உள்ளன. பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரஸரைச் செம்புக்காக அறுத்தெடுக்கும்போது அதிலுள்ள வாயு காற்றில் கலந்துவிடுகிறது. தில்லியின் சீலம்பூரில் கழித்த கணினிகளும் கைப்பேசிகளும் கையுறை கூட இல்லாத கைகளால் பிரிக்கப்பட்டு வந்துள்ளன. ராமகங்கை ஆற்றங்கரையில் உள்ள முராதாபாத்தில் செம்புக்காக மின்சுற்றுப் பலகைகள் எரிக்கப்பட்டு வந்தன. அந்தச் சாம்பல் ஆற்றிலேயே கழுவப்பட்டது. கரையில் விளையாடும் குழந்தை எந்த ஒப்பந்தத்திற்கும் இசைந்ததில்லை.

இக்கருத்தைச் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளது. மின்னணுக் கழிவு குறித்த முதல் விதிகள் 2011இல் வெளியாயின. 2022இல் வெளியான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஒரு பொருளை விற்றுவிட்டதாலேயே அதனை உற்பத்தி செய்தவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. பயன்பாடு முடிந்தபின் அது முறையாக மறுசுழற்சி ஆவதற்கும் அவர் பொறுப்பாவார் என்பதே இவ்விதிகளின் அடிப்படை. ஒரே ஒருமுறை விற்றவரையே பொறுப்பு பின்தொடருமானால், பதினைந்து ஆண்டுகள் அதைக்கொண்டு பயன் துய்த்தவரை அது பின்தொடராதா?

பற்றின்மையும் பாராமுகமும்

வேதாந்தம் பயின்ற ஒருவர் இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பலாம். செயலில் மட்டுமே மனிதனுக்கு அதிகாரம் உண்டு, பயனில் இல்லை என்றன்றோ கர்மயோகம் போதிக்கிறது? பொருளைக் கொடுத்தபின் அது எங்கே செல்கிறது என்று கவலைப்படுவதும் ஒருவகைப் பற்றுதானே?

இத்தடை நுட்பமானது, ஆயினும் 'பயன்' என்னும் சொல்லை அது இரு பொருளில் ஆள்கிறது. கர்மயோகி துறக்கும் பயன், தனக்கு வரவேண்டிய லாபமும் புகழும் மனநிறைவும் ஆகும். பிறருக்கு நேரக்கூடிய விளைவுகளை எண்ணிப் பார்ப்பதை அவன் துறப்பதில்லை. விளைவையே கருதாமல், தீங்கையும் தன் ஆற்றலையும் எண்ணாமல், மயக்கத்தால் தொடங்கும் செயலைத் தாமசச் செயல் என்று கீதையே கூறுகிறது. உலக நலத்தைக் கருத்தில் கொண்டு செயலாற்ற வேண்டும் என்பதும் அந்நூலின் அறிவுரையே. தனக்கென எதையும் எதிர்பாராமை பற்றின்மை. பிறருக்கு என்ன நேர்ந்தால் என்ன என்றிருப்பது பாராமுகம். வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். அவரவர் உள்ளம் மட்டுமே வேறுபாட்டை அறியும்.

மற்றொரு தடையும் உண்டு. ஒரு நாற்காலி எத்தனை கைகள் மாறி எங்கே முடியும் என்று யாரால் பின்தொடர இயலும்? இயலாதுதான், அறம் இயலாததைக் கேட்பதுமில்லை. ஒருவருடைய அறிவும் ஆற்றலும் எட்டும் தூரம் வரையே அவருடைய பொறுப்பு செல்லும். ஒரு கேள்வி கேட்க இயலும். ஒரு மூட்டையைத் தனியே கட்ட இயலும். ஒரு சீட்டு எழுதி ஒட்ட இயலும். இயன்ற இவற்றைச் செய்யாமல், இயலாதவற்றைச் சுட்டிக்காட்டி விலகிக்கொள்வது நேர்மையாகாது.

சுமப்பவரும் மனிதரே

பொருளைப் பற்றிய பொறுப்போடு, அதைச் சுமப்பவரைப் பற்றிய பொறுப்பும் உண்டு. நான்காவது மாடியிலிருந்து இரும்பு அலமாரியை முதுகில் இறக்குபவரை, வீட்டார் பலர் ஒரு கருவியைப் போலவே காண்கின்றனர். மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்பது ஜெர்மானிய அறிஞர் கான்ட் வகுத்த அறத்தின் மையக் கருத்து. எல்லா உடல்களிலும் ஒரே ஆன்மா உறைகிறது என்று நாள்தோறும் ஓதும் நாட்டில், கழிவைத் தொடும் கை தாழ்ந்தது என்ற எண்ணம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. குப்பையை உருவாக்கியவர் தூயவர், அகற்றியவர் தீட்டுடையவர் என்னும் இந்த விபரீதத்திற்கு எந்தத் தத்துவத்திலும் இடமில்லை.

புணே நகரில் கழிவு பொறுக்கிப் பிழைத்தவர்கள் 1993இல் ஒரு தொழிற்சங்கமாக ஒன்றுதிரண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பிறகு 'ஸ்வச்' என்னும் தங்கள் சொந்தக் கூட்டுறவு அமைப்பின் வழியாக 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, வீடுதோறும் கழிவு பெறும் பணியை ஏற்றனர். அவர்கள் வீட்டாரிடம் வைத்த வேண்டுகோள்களுள் ஒன்று மிக எளியது: பயன்படுத்திய அணையாடைகளைக் காகிதத்தில் பொதிந்து, மேலே ஒரு சிவப்புப் புள்ளி இட்டுத் தாருங்கள். பிரிக்கும் கைகளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிய வேண்டும். அப்புள்ளியை இட ஒரு நொடியே ஆகிறது. பொதியின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்னும் நினைவு அந்த நொடியில் அடங்கியுள்ளது.

அழைப்பதற்கு முன்

இவ்வளவும் நடைமுறையில் என்ன கேட்கிறது? முதலாவதாக, ஆட்களை அழைக்கும் முன்பே வீட்டார் தம் கையால் பிரிக்க வேண்டும். பயன்படுபவை, பழுது பார்த்தால் பயன்படுபவை, மூலப்பொருளாக உருக்கத் தக்கவை, ஆபத்தானவை, எதற்கும் ஆகாதவை என ஐந்து பிரிவுகள் போதும். மின்னணுப் பொருள்களையும் பேட்டரிகளையும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ, அவற்றைத் திரும்பப் பெறும் விற்பனையாளரிடமோ சேர்ப்பதே முறை. காலாவதியான மாத்திரைகளையும் ஊசிகளையும் மற்றவற்றோடு கலத்தல் கூடாது. உடைந்த கண்ணாடியைத் தடித்த காகிதத்தில் சுற்றி, உள்ளே இருப்பதை மேலே எழுதுவது நன்று.

இரண்டாவதாக, வருபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி கூலியைப் பற்றியது மட்டுமன்று. விற்க முடியாத மிச்சத்தை எங்கே கொண்டு சேர்ப்பீர்கள் என்பதையும் கேட்க வேண்டும். இதற்குத் தெளிவான விடை தருபவர் சற்று அதிகக் கூலி கேட்டால் அதில் நியாயமுண்டு. முறையான இடத்திற்குக் கொண்டு செல்லும் செலவும் அதில் அடங்கியிருக்கிறது. மிகக் குறைந்த கூலிக்கு எல்லாவற்றையும் ஏற்றிச் செல்பவரின் லாரி, இரவில் ஓர் ஏரிக்கரையிலோ காலி மனையிலோ நின்றுவிடக்கூடும். அவ்வாறு மிச்சமான சில நூறு ரூபாயை அந்த ஏரிதான் செலுத்துகிறது. மூன்றாவதாக, பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுப்பதும், குடிநீர் தருவதும், கையுறை இல்லாதவருக்கு அதை வாங்கித் தருவதும் தனியாகச் சொல்ல வேண்டாதவை.

பெற்றோர் வாழ்ந்த வீடு

எல்லா ஒழித்தல்களிலும் கடினமானது பெற்றோரின் மறைவுக்குப் பின் நிகழ்வதே. கொல்கத்தாவிலோ நாகபுரியிலோ நாற்பது ஆண்டுகள் ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டை நான்கு நாள்களில் காலி செய்ய வேண்டும். தந்தையின் மூக்குக் கண்ணாடி, தாயின் பூஜைப் படங்கள், ரப்பர் வளையம் இட்ட கடிதக் கட்டுகள், பாதி தீர்ந்த மருந்துப் புட்டி யாவும் ஒரே அலமாரியில் இருக்கும். துக்கம் ஒருவரை எதையும் விடவொட்டாமல் செய்கிறது. இன்னொருவரை, கண்ணில் படாமல் எல்லாம் போய்விட்டால் போதும் என்று எண்ணச் செய்கிறது. இரு நிலைகளிலும் முடிவெடுப்பது வலியே, விவேகம் அன்று.

பணிக்கு வரும் தொழிலாளி அந்தக் கண்ணாடியையும் உடைந்த வாளியையும் ஒரே சாக்கில் போடுவார். அது அவர் குற்றமன்று. அவருக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே அந்த அலமாரியைத் திறக்கும் வேலையைக் கூலிக்கு ஒப்படைக்க இயலாது. பிள்ளைகளே அமர்ந்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, வைத்துக்கொள்ள வேண்டிய சிலவற்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குத் தக்க இடத்தை எண்ணித் தர வேண்டும். வழிபட்ட படங்கள் வழிபடுவோர் இல்லம் சேரட்டும். நூல்கள் படிப்பவரைச் சேரட்டும். தாயின் சேலைகளை அவ்வீட்டில் பல்லாண்டு பணிபுரிந்த பெண்மணியிடம், விருப்பமா என்று கேட்டு, மரியாதையோடு தரட்டும். இவ்வாறு கழியும் இரண்டு நாள்களும் நீத்தாருக்கு ஆற்றும் கடன்களுள் ஒன்றே.

இதனினும் சிறந்த வழியொன்றை முன்னோர் கண்டிருந்தனர். இல்லறத்தை அடுத்து வானப்பிரஸ்தம் என்றொரு நிலையை அவர்கள் வைத்தனர். காட்டுக்குச் செல்வது இக்காலத்தில் எல்லோர்க்கும் இயலாது; அதன் உட்கருத்து எவ்வூர் அடுக்குமாடியிலும் இயலும். எந்தப் பொருள் எதற்காக வந்தது, யாருக்குப் பயன்படும், எதில் ஆபத்து உண்டு என்பதை நன்கு அறிந்தவர் அதனை வாங்கி ஆண்டவரே. அவர் கண்ணொளியும் நினைவும் தெளிவாக இருக்கும் காலத்திலேயே, ஆண்டுக்கொரு பரணாக, ஒரு பெட்டியாக, தம் கையாலேயே பிரித்துத் தந்துவிடுவாரானால், பிள்ளைகளின் துக்கத்தில் ஒரு பாரம் குறையும். ஒரு பொருளையும் சுமந்து செல்ல இயலாத இறுதிப் பயணத்திற்கு அதுவே நல்ல பயிற்சியுமாகும். கடைக்குச் சென்று புதியதொன்றைக் கையில் எடுக்கும்போது, ஒருநாள் இதை எவர் முதுகில் ஏற்றி எங்கே அனுப்புவோம் என்று ஒருகணம் நின்று எண்ணுபவர், அப்பயிற்சியை இன்றே தொடங்கிவிட்டவர் ஆவார்.